ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒன்பது

இந்தக் கட்டுரையில் வரும் ஊருக்குக் கரைப்பாக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மையான பெயர் அதுவல்ல. திருவேற்காட்டுக்கும் ஆவடிக்கும் நடுவே, கூவம் ஆற்றின் கரையில் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். (மறைப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன். அவசரப்படுகிறவர்கள் இப்போதே கடைசிப் பக்கத்துக்குப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.)

அந்த ஊர் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. கையில் கத்தியோடு ஒருவன் தெருவில் வந்தால், "இன்னாப்பா, யார்கூட சண்ட?" என்று விசாரிப்பார்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் உள்ளுக்குள் பதறிப்போவார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது. கல்யாணமும் நடந்திருக்காது என்று வையுங்கள், அது வேறு.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. அப்பா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். நான் பிறந்தது, வளர்ந்தது, மீசை முளைத்தது எல்லாமே குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. வீட்டுக்கு நம்பர், பிளாக்குக்கு நம்பர், சைக்கிளுக்கு நம்பர், விளக்குக் கம்பத்துக்கு நம்பர். எங்கள் வாசலில் இருந்த வேப்ப மரத்துக்குக்கூட மஞ்சள் கட்டம் போட்டு உள்ளே கறுப்பில் ஒரு நம்பர் எழுதியிருந்தார்கள். நம்பர் இல்லாத மரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஆகவே ஒரு பொருளுக்கு நம்பர் போடுவதுதான் அதற்குச் செய்யும் உச்சகட்ட மரியாதை என்று நான் மனதார நம்பினேன்.

அப்பா ரிட்டையர் ஆவதற்கு முன்னாலேயே கரைப்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். தெருவிலேயே அதுதான் புது வீடு. மற்றதெல்லாம் பழைய ஓட்டு வீடுகள். தேக்குத் தூண், பித்தளைக் குமிழ் வைத்த கதவு, கதவுக்கு மேலே பூவும் கிளியுமாய்ச் செதுக்கல். தெருக் கோடியில் ஆறு. இறங்கக் கருங்கல் படிகள். கொஞ்சம் தள்ளி வளைவு வளைவாக ஒரு செங்கல் பாலம். ஆற்றில் ஐப்பசி கார்த்திகையில் நிஜமாகவே தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் பாதி மணல், பாதி எருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எங்கேயோ ஒரு குட்டி ஆற்றங்கரை ஊரைப் பற்றிப் படித்தேன். பாழாய்க் கிடந்த ஊராம். நாலு இளைஞர்கள் சேர்ந்து பழைய வீடுகளின் பெருமையை எடுத்துச் சொல்ல, வெளியூர் ஆட்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்களாம். கடைகள் திறந்தனவாம், ஊரே பிழைத்துக்கொண்டதாம். அன்று மத்தியானமே 'கரைப்பாக்கம் புகழ் பரப்பும் மன்றம்' பிறந்துவிட்டது. தலைவர், செயலாளர் எல்லாம் நான். ஒரே உறுப்பினர் மூர்த்தி.

மூர்த்தி கரையான்சாவடி மெயின் ரோட்டில் போர்டு எழுதுகிறவன். கடை போர்டு, லாரிக்குப் பின்னால் வாசகம், சைக்கிள் மட்கார்டில் பெயர், எதுவானாலும் எழுதுவான். அழகான கை. திட்டத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"டேனி, கூவத்த பாக்க எவன் மாமே வருவான்? மெட்ராஸ்ல அந்தப் பேர சொன்னாலே மூக்க மூடிக்கிறான்."

"அது சிட்டியில. இங்க தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?"

"தண்ணியே இல்லியே, அப்புறம் இன்னா சுத்தம்?"

ஆனாலும் சேர்ந்துகொண்டான். காரணம் அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் அந்தோணிசாமி என்று ஒருவர் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குத் தினமும் பஸ் பிடித்து டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிற ஸ்டெல்லா என்று ஒரு மகள் அவருக்கு. எங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போயிருந்தார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற புராட்டஸ்டண்ட் ஆட்கள், அவர்கள் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள் (அவர்கள் மாதா கோவிலைக் கோவில் என்றுதான் சொல்வார்கள்). அது ஒரு சந்தேகம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அது இன்னொரு சந்தேகம். குவார்ட்டர்ஸ்காரன் எந்த ஊரிலும் நிலைக்க மாட்டான் என்பது மூன்றாவது. ஊருக்கு ஒரு நல்லது செய்து காட்டினால் மூன்றும் ஒரே அடியில் தீர்ந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஸ்டெல்லா கிடைப்பாளா மாட்டாளா என்பதுதான் எனக்கு விஷயம். ஊரின் புகழ், உள்ளதைச் சொன்னால், அதற்கு அப்புறம்தான்.

முதல் வேலை, தகவல் திரட்டுவது. முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பையில் இரண்டு பேனா செருகி, நீளமான நோட்டோடு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் குடித்தேன். பிறகு நோட்டைப் பிரித்து, மிகவும் கனிவான குரலில் கேட்டேன்: "இந்த வீடு கட்டி எத்தனை வருஷம் இருக்கும்? யார் கட்டினது? இப்ப யார் பேர்ல இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. குவார்ட்டர்ஸில் எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும், அந்தப் பழக்கம்.

பதில்கள் விசித்திரமாக இருந்தன. ஓடெல்லாம் பாசி படிந்து, சுவர் இரண்டு முழம் கனம் இருந்த ஒரு வீட்டில், "இப்பத்தான், ரெண்டு வருஷம் ஆவுது" என்றார்கள். இன்னொரு வீட்டில், "நாங்க குடித்தனம்தான், ஓனர் செத்துட்டாரு" என்றார் ஓனர். தெருக்கோடியில், ஆற்றை ஒட்டி அரிசி மண்டி கன்னியப்பன் வீடு. ஊரிலேயே பிரமாதமான கதவு அதுதான். நிலையின் மேலேயே கட்டிய வருஷம் செதுக்கியிருந்தது.

"போன வருஷம் கட்னது" என்றார் கன்னியப்பன், அந்த வருஷத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

"மேல வேற வருஷம் போட்டிருக்கே?"

"ஆசாரி தப்பா வெட்டிட்டான்."

நான் அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். ஜனங்கள் எவ்வளவு அடக்கமாக இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். நகரத்து ஆட்களாக இருந்தால் பெருமையடித்துக்கொள்வார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏலே, மோர் குடுத்துட்டு ஒருத்தன் பொய் சொல்லுதாம்னா அதுல ஏதோ இருக்குல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கியிருக்கலாம்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எப்போதோ ஒரு நிலம் போயிருந்தது. ஒருவருக்குத் தொழிற்சாலைக்காக, ஒருவருக்குச் சாலைக்காக, ஒருவருக்கு மனைப் பிரிவுக்காக. ஒவ்வொரு தடவையும் அது ஒரே வரிசையில்தான் வந்ததாம். முதலில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் நோட்டோடு வருவார். மரியாதையாகப் பேசுவார், மோர் குடிப்பார். எத்தனை வருஷம், யார் பேரில் என்று கேட்பார். சில நாள் கழித்துச் சுவரில் மஞ்சள் கட்டம் போட்டு கறுப்பு நம்பர் விழும். அதற்கப்புறம் நோட்டீஸ். மோர் வரைக்கும் நான் பிசகாமல் செய்து முடித்திருந்தேன்.

அடுத்தது நம்பர்.

பதினாலு வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர் எந்த வீட்டை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்து என்று தெரிய வேண்டுமல்லவா? ஆகவே தெரு வரிசைப்படி இல்லாமல் வரலாற்றுச் சிறப்பின் வரிசைப்படி நம்பர் போடுவது என்று தீர்மானித்தேன். நியாயமாக முதல் நம்பர் கன்னியப்பன் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ராத்திரி பகல் அதைப் பற்றி யோசித்தேன். பிறகு பென்சிலால் எழுதியிருந்த 1-ஐ அழித்து அங்கே 2 என்று எழுதிவிட்டு, அந்தோணிசாமி வீட்டுக்கு நேரே 1 போட்டேன். அழிரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் பிய்ந்துபோனது.

கேட்டால் அடக்கத்தினால் மறுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. திடீரென்று கொடுத்தால்தானே சந்தோஷம்? அதற்கு ஒரு ஆடி ஞாயிறு வசமாக மாட்டியது. ஊரில் பாதிப் பேர் திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதி அந்தோணிசாமியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு வேன் வைத்து ஆவடிக்குப் போய்விட்டது. (ஆடி மாதத்தில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும் என்பது எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் பொத்திப் பாதுகாக்கும் ரகசியம்.) எங்கள் வீட்டிலும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன்.

பழைய எக்ஸ்ரே பிலிமில் எண்களை வெட்டி வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸில் வேப்ப மரத்தில் இருந்த அதே வடிவம், அதே மஞ்சள், அதே கறுப்பு. நான் பிலிமைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க, மூர்த்தி பிரஷ்ஷை எடுத்தான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் பதினாலு கதவுக்கும் பக்கத்துச் சுவரில் பளிச்சென்று நம்பர் ஏறிவிட்டது. தெரு முனையில் நின்று பார்த்தேன். சத்தியமாகக் கண் கலங்கியது.

"மாமே, ரொம்ப டேஞ்சரா கீதுடா பாக்க" என்றான் மூர்த்தி.

"பொறாமைப்படாத" என்றேன்.

சாயங்காலம் முதல் வேன் திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் ஒரே குரலில் கூச்சலிட்டார்கள். நான் மாடியில் நின்றுகொண்டு, அது ஆச்சரியக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை குளித்து, பவுடர் போட்டு, கையால் வரைந்த ஊர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பாராட்டு வாங்கப் புறப்பட்டேன். மூன்றாம் நம்பர் வீட்டில் தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் வைத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டில் நம்பருக்கு மேல் சாணி பூசியிருந்தது. ஐந்தில், ஜமுக்காளத்தை ஆணியடித்து மறைத்திருந்தார்கள். அந்தோணிசாமி வீட்டு வாசலில் ஊரே கூடி நின்றது. அவர் ஒரு நாற்காலியை நம்பருக்கு முன்னால் போட்டு, முதுகால் அதை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"நம்பர் ஒண்ணு எனக்குத்தான் போட்டுகீறான்" என்றார். "மொதல்ல இடிக்கப்போறது என் ஊட்டத்தான். பொண்ணு கல்யாணத்த வச்சிகினு நான் எங்க போவேன்?"

வரைபடத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னியப்பன் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். (நோட்டோடு வந்தவன் நான்தான் என்றாலும், தெருப் பையனை யாரும் அதிகாரியாக நினைக்கவில்லை.)

"இதோ, டேனியல் தம்பி வந்துட்டாரு. படிச்ச புள்ள, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். தம்பி, நம்ம பக்கம் ஒரு மனு எழுதிக் குடு."

அன்பர்களே, நான் எழுதினேன். எனக்கு எதிரான மனுவை என் கையாலேயே, என் பேனாவால், என் வருங்கால மாமனார் கொண்டுவந்து போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். 'முகம் தெரியாத அந்த அதிகாரி, ஏழைகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாகப் புகுந்து' என்று அந்தோணிசாமி சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில், "அவன் வெளங்குவானா?" என்றார். "அதையும் எழுதணுமா?" என்று கேட்டேன். "அது வேணாம், அது மாதாவுக்கு நான் தனியா சொல்லிக்கிறேன்" என்றார். என் பங்குக்கு 'மனசாட்சியற்ற' என்ற ஒரு சொல்லை நானே சேர்த்தேன். யாருக்கும் என் மேல் சந்தேகம் வரக்கூடாதே என்று.

ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. டம்ளரை நீட்டியவள் என் விரல்களையே பார்த்தாள். வலது கை நகக்கண் ஐந்திலும் மஞ்சள் பெயின்ட்.

"கையில இன்னா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மஞ்சக்காமாலைக்கு மருந்து" என்றேன்.

"நேத்து வயித்து வலின்னு சொன்னாங்க?"

தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் ஒரு முறை நின்று திரும்பி, முதலில் நம்பரைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது. நானும் போட்டேன். பூந்தமல்லியில் ஓர் ஆபீஸுக்குப் பத்துப் பேர் பஸ்ஸில் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். படித்துவிட்டு, "எங்களுக்கு எதுவும் தெரியாதே, நாங்க யாரும் நம்பர் போடலையே" என்றார். எங்கள் ஆட்கள் முகம் இன்னும் இருண்டது. தெரியாது என்று அவர் சொன்னதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய ருசு. "பாத்தியா, எப்டி நைசா பேசறான்" என்று என் காதில் கிசுகிசுத்தார் கன்னியப்பன். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்த மனிதர் நல்லவர் என்பதால்தான் எனக்கு வினை வந்தது. "சரி, நேர்ல வந்து பாத்துடறேன்" என்று எங்களோடேயே கிளம்பிவிட்டார். மத்தியானம் தெருவின் ஒரு முனையிலிருந்து நடந்தார். ஒன்றைப் பார்த்தார். பக்கத்தில் ஒன்பதைப் பார்த்தார். அதற்கடுத்து நாலு, எதிர்வரிசையில் பன்னிரண்டு.

"கவர்மெண்ட் நம்பர்னா வரிசையா இருக்கும்" என்றார். "ஒண்ணுக்குப் பக்கத்துல ஒன்பது வராது. இது ஏதோ மூளை சரியில்லாதவன் வேலை."

ஆமாம், ஆமாம் என்று ஊர் ஆமோதித்தது. எனக்கும் உயிர் வந்தது. அப்படியே போயிருப்பார். ஆனால் பதினாலாம் நம்பர் வீட்டில் நின்று, குனிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

போர்டு எழுதுகிற ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதி முடித்தாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் தங்கள் பெயரைப் போடாமல் பிரஷ்ஷைக் கழுவ மாட்டார்கள். பதிமூன்று வீட்டில் அடக்கிக்கொண்டிருந்த மூர்த்தியால் பதினாலாவதில் அடக்க முடியவில்லை. மஞ்சள் கட்டத்தின் ஓரத்தில் அழகாக, பூங்கொடியெல்லாம் போட்டு, 'மூர்த்தி ஆர்ட்ஸ், கரையான்சாவடி' என்று எழுதியிருந்தான்.

அரை மணி நேரத்தில் மூர்த்தியைச் சைக்கிளோடு தூக்கி வந்துவிட்டார்கள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கன்னியப்பன் மடித்துவிட்ட சட்டைக் கையைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே என்ன மொறைக்கிற? நான் கூலிக்கு எழுதறவன். எழுதச் சொன்னது டேனி. அதோ, மனு எழுதினவர் பக்கத்துல நிக்கிறாரே, அவுரேதான்."

அதிகாரி கையிலிருந்த மனுவைப் பிரித்து, 'மனசாட்சியற்ற' என்ற இடத்தில் ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்து மட்டும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"ஏலே, வயித்து வலின்னு படுத்துக்கிட்டு இந்த வேலையால பாத்த?"

அந்தோணிசாமி எழுந்து வந்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நம்பர் போட்டதும் நீ, மனு எழுதினதும் நீ. இப்படிப்பட்ட ஆளுக்கு எப்டிப்பா பொண்ணு குடுக்கறது? நான் பதில் சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சிக்கோ. இப்ப சொல்ட்டேன்."

அழுகையே வந்துவிட்டது. (இருபத்தாறு வயதில், நடுத்தெருவில்.) அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். இடிக்க இல்லை, பெருமைப்படுத்தத்தான் போட்டேன், வெளியூர் ஆட்கள் பார்க்க வருவார்கள், ஒன்று என்றால் முதலில் இடிக்கும் வீடு இல்லை, ஊரிலேயே சிறந்த வீடு, இரண்டு என்றால் அதற்கு அடுத்த சிறந்த வீடு என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னேன்.

ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப எனக்கு எதுக்கு பதினாலு?"

அவ்வளவுதான். போன வாரம் இரண்டு வருஷத்து வீடாக இருந்ததெல்லாம் கண் முன்னாலேயே வயசாகத் தொடங்கியது. ஒருவர் வீட்டுத் தூண் கப்பலில் வந்ததாம். ஒருவர் வீட்டில் நவாப் தண்ணீர் குடித்தாராம். செத்துப்போன ஓனர் உயிர் பெற்று வந்து தன் வீட்டுக்கு ஏழாம் இடம் குறைச்சல் என்றார். நம்பரைச் சாணி பூசி அழித்தவர், அது ஆறா எட்டா என்று ஞாபகம் இல்லாமல் என்னிடமே ரகசியமாக வந்து கேட்டார். கன்னியப்பன் மட்டும் நேரே என்னிடம் வந்தார்.

"எனக்கு ரெண்டா? அந்தோணி ஊட்டவிட என் ஊடு எவ்ளோ பழசு தெரியுமா? கதவ பாரு, வருஷம் போட்டுகீது."

பயத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தேன்: "கன்னியப்பன் அவர்கள் இல்லம். போன வருஷம் கட்டியது. ஆசாரி தப்பாக வெட்டிவிட்டார்."

ஊர் சிரித்த சிரிப்பு திருவேற்காடு வரை கேட்டிருக்கும். அந்தச் சந்தடியில் நான் இன்னொன்றையும் கவனித்தேன். அந்தோணிசாமியின் மனைவி தேங்காய் நாரோடு நம்பர் ஒன்றைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். அந்தோணிசாமி போய் நாரைப் பிடுங்கி எறிந்தார்.

ஆனாலும் எனக்குப் பெண் கிடையாது என்பதில் மாற்றம் இல்லை. மூன்று வாரம் நான் தெருவில் தலை காட்டவில்லை. ஊர்ப் புகழைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தது மொத்தம் ஒரு வயசான தம்பதி. அம்பத்தூரிலிருந்து டிபன் கேரியரோடு வந்தவர்கள், மூர்த்தி பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு. அவர்களைத் தெரு முனையிலேயே மடக்கி, யார், எந்த ஆபீஸ், எதற்காகக் கதவைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் விசாரித்து, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகழ் பரப்பும் மன்றம் அத்துடன் கலைந்தது.

நாலாவது வாரம் காலையில் கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்றாள். ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லுங்க. நெஜமா எங்க ஊடுதான் ஊர்லயே ஒசத்தியா?"

"இல்ல. கன்னியப்பன் வீடுதான்."

"அப்ப எங்களுக்கு ஏன் ஒண்ணு?"

"நம்பர்தான் பொய். போட்ட காரணம் பொய் இல்ல" என்றேன். மூன்று வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம்.

"சினிமா வசனமெல்லாம் வேணாம். பஸ் வருது" என்றாள். ஆனால் ஏறும்போது சிரித்ததைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவள் தன் அப்பாவிடம் போய் ஒரே ஒரு தகவல் சொன்னாளாம்: டேனியல் எல்லா வீட்டையும் மறுபடி கணக்கெடுத்து நம்பரை மாற்றப் போகிறாராம், கன்னியப்பன் தினமும் அவர் வீட்டுக்கு நடக்கிறாராம் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமி வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்மதம் சொல்லிவிட்டு, வாசல் வரை போனவர், திரும்பி வந்து, "நம்பரு அப்டியே இருக்கட்டும் மாப்ள" என்றார். முதல் தடவை என்னை மாப்பிள்ளை என்றது அப்போதுதான்.

நம்பர்கள் அப்படியே நின்றுவிட்டன. அதுவரை எங்கள் தெருவில் கதவு எண்ணே கிடையாது, பெயர் சொன்னால் தபால் வந்துவிடும். அழித்தவர்கள் எல்லாம் மூர்த்தியைக் கூப்பிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டார்கள். தபால்காரர் அதையே பிடித்துக்கொண்டார், ரேஷன் கார்டில் ஏறியது, கரண்ட் பில்லில் ஏறியது. தொண்ணூறுகளில் நிஜமாகவே சாலை அளக்க ஆட்கள் வந்தபோது, ஊர் ஜனங்கள் துளியும் பயப்படவில்லை. "நம்ம டேனியல் அனுப்பிச்சாரா?" என்று கேட்டு உட்கார வைத்து, தங்களுக்கு மூன்றுக்குள் ஏதாவது நம்பர் போடச் சொல்லி நச்சரித்தார்களாம். அவர்கள் அளவெடுக்காமலேயே ஓடிவிட்டார்கள்.

மாமனார் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். ஒரு நாள் அவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே தன் வீட்டுச் சுவரில் இருந்த ஒன்றாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, நெஜமாவே என் ஊடுதானா ஒண்ணு?"

"ஆமா மாமா" என்றேன். கத்தி என் கையில்.

"பொய் சொல்லாத. கன்னியப்பன் ஊட்டு கதவ செஞ்சது எங்க தாத்தா. அத்த முடிச்சுட்டு அந்தக் கூலியிலதான் எங்க ஊட்டயே கட்னாரு."

"அப்ப உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"பெயின்ட்ட பாத்தப்போ தெர்ல. ஊரு நடுவுல நின்னு அழுதியே, அப்ப தெரிஞ்சிது. யாருக்காகப் போட்டிருப்பான்னு. அதான் ஒங்க அத்தைய நார வச்சி சொரண்ட உடல" என்றார். பிறகு, "மோவாய்ல உட்டுட்ட பாரு" என்றார்.

என் மேல் மூன்று சந்தேகம் வைத்திருந்த மனிதர் அத்தனை வருஷமும் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஊர்ப் பெயரை ஏன் மறைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். கன்னியப்பனின் (அதுவும் மாற்றிய பெயர்தான்) மகன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், நிறையப் படிக்கிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய நோட்டைக் கேட்கிறார். அழிரப்பர் தேய்த்துப் பிய்ந்த அந்தப் பக்கம் மட்டும் அவர் கண்ணில் படவே கூடாது.

கூரியர்காரர்கள் பாவம், ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டைத் தேடி ஆற்றங்கரை வரை போய் வருகிறார்கள். எங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். அன்றைக்கு அது புது வீடு, வரலாறு கிடையாது, ஆகவே நம்பர் போடவில்லை. இன்றுவரை இல்லை. நேற்றுகூட ஒரு பையன் போன் செய்து முகவரி கேட்டான். ஸ்டெல்லா வாசலில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்:

"நம்பர் ஒண்ணுக்கு எதுத்தாப்புல வாப்பா. எங்க ஊட்டுக்கு நம்பர் இல்ல. ஊருக்கெல்லாம் நம்பர் போட்டாரே, அவுரு ஊடுன்னு கேளு. யாரா இருந்தாலும் சிரிச்சிகினே காட்டுவாங்க."